சட்டைன்னா எந்தச் சட்டை?

போன் அடித்தபோது யோகப்பிரியா தலையில்லாத ஒரு பெண்ணின் இடுப்பைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

காகிதப் பெண்தான். தையல்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒற்றைக் காலில் ஒரு பொம்மை நிற்குமே, கழுத்தோடு முடிந்துபோய், அதன் வடிவம். கெட்டி அட்டையில் அதை வரைந்து வெட்டி, மேலே துணி ஒட்டி, இடுப்பில் லேஸ் சுற்றி, ஆல்பத்தில் பக்கத்துக்கு ஒன்றாக நிறுத்துவாள். கல்யாணக் கூறைச்சேலையில் மிஞ்சிய துண்டு, வளைகாப்புப் பட்டின் முந்தி, குழந்தையின் முதல் கவுன், எது வந்தாலும் அந்தப் பொம்மைக்கு மாட்டிவிடுவாள். பெருமாட்டியில், தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்த வீட்டிலிருந்து அவள் செய்த ஸ்கிராப்புக் ஆல்பங்கள் கொச்சி வரைக்கும் போயின. போனில் படம் பார்த்தவர்களுக்கு அது அழகு. அவளுக்கு அது கட்டைவிரல் வலி. இடுப்பு வளைவில் கத்தரி திரும்பும்போதெல்லாம் விரலடியில் சுரீர் என்றது.

மாமியார் ராமாத்தாளுக்கு இந்தப் பொம்மைகளைக் கண்டாலே ஆகாது.

"ஏம் புள்ள, வெள்ளிக்கெழமையும் அதுவுமா ஊட்டுக்குள்ள முண்டத்தப் பரப்பி வெச்சிருக்கற. ஒரு தலைய வெச்சு ஒட்டுனா என்ன, கொறஞ்சா போயிரும்?"

"தலை வெச்சா டிசைன் கெட்டுப்போயிருமுங்க அத்தை."

"அது செரி. தலை இருக்கறதுனாலதான் இந்த ஊட்டுல எல்லாமே கெட்டுப்போகுது" என்று மகன் தனபால் குளித்துக்கொண்டிருந்த பக்கமாகப் பார்த்துச் சொல்லிவிட்டு, ராமாத்தாள் மாட்டைப் பிடித்துக்கொண்டு போனாள்.

போன் இரண்டாம் முறை அடித்தது. எடுத்தாள்.

"அக்கா, ஆனந்தி பேசுறேன். சின்னக்கானல்."

"சொல்லுங்க ஆனந்தி. ஆல்பம் முடிஞ்சுதுங்க. இதோ இன்னைக்குக் கொரியர்ல..."

"ஆல்பம் ஞாயித்துக்கெழமை அம்மாவோட பிரிவு விருந்துக்கு வந்தாப் போதும்க்கா. அந்த முழுக்கைய மட்டும் ஒடனே குடுத்து விடுங்க. மூணாறு பஸ்ல யார்கிட்டயாச்சும் குடுத்தாக்கூட நான் போய் வாங்கிக்கிறேன். அம்மா லயத்து வீடு பூராம் தேடுது."

"எந்த முழுக்கைங்க?"

"அப்பாவோட முழுக்கைதான்க்கா. அம்மா வேலைக்கு மேல போட்டுட்டுப் போறது. கொடியில இருந்து நாந்தான் சொல்லாம உருவி அனுப்புனேன். பக்கத்து வீட்டு ரோசியக்காதான் எடுத்துட்டாங்கன்னு நேத்துப் பூராம் சண்டை. லயத்துல ஒரு வீட்டு ஆளு பாக்கியில்ல, எல்லாரும் வெளிய வந்து நின்னு வேடிக்கை. நாளைக்கு அம்மாவுக்குக் கடைசி வேலை நாளு. அது இல்லாம தேயிலைக் காட்டுல எறங்க மாட்டேன்னு ஒரே பிடியா நிக்குது."

யோகப்பிரியா மேசையைப் பார்த்தாள்.

மேசையில் ஆல்பம் திறந்து கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் பொம்மைகள். அத்தனை பொம்மையும் நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு, மெல்லிய இடுப்போடு, ஒய்யாரமாக நின்றன.

அது ராக்கப்பனின் முழுக்கைச் சட்டை. ஆனந்தியின் அப்பா. போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்ட மனிதர்.

"அக்கா? கேக்குதா?"

"கேக்குதுங்க" என்றாள் யோகப்பிரியா.  "பஸ்ல குடுத்தா எங்கியாச்சும் போயிருமுங்க. நானே கொண்டாந்து தர்றேன்."

போனை வைத்ததும் முதல் வேலையாக ஆனந்தியின் பழைய குரல் செய்தியைத் தேடி எடுத்துப் போட்டுக் கேட்டாள்.

"அக்கா, பார்சல் வந்துருச்சா? அம்மாவோட சட்டையை வெட்டி அந்தப் பொம்மைக்கெல்லாம் ஒட்டிருங்க. இன்னொன்னு சும்மா கலர் பார்த்துக்கத்தான். அதைத் தொடாம அப்பிடியே திருப்பி அனுப்பிருங்க, அம்மாவுக்கு வேணும்."

பார்சலில் இருந்தவை இரண்டே உருப்படி. அக்குளில் நைந்துபோன அரக்குச் சிவப்பு ஜாக்கெட் ஒன்று. கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை ஒன்று. அம்மா தேயிலைக் காட்டில் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வேலை செய்வாள் என்று ஆனந்தி முன்பே சொல்லியிருந்தாள். சட்டையை வெட்டச் சொன்னாள், இவள் சட்டையை வெட்டினாள். ஜாக்கெட்டைத் தொடாமல் டிஷ்யூ பேப்பரில் சுற்றிப் பத்திரமாக வைத்தாள்.

எங்கே தப்பு? மூன்று முறை கேட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை.

தனபால் தலையைத் துவட்டியபடி வந்து விஷயத்தைக் கேட்டான். "ஒரு சட்டைக்காகச் சின்னக்கானல் வரைக்குமா? தப்பாப் போச்சுன்னு ஒரு வார்த்தை போன்ல சொல்லிப்போடு, முடிஞ்சுது."

"போன்ல சொன்னா கட் பண்ணிருவாங்க மாமா. நேர்ல போனா திட்டிட்டாவது உடுவாங்க."

"பொள்ளாச்சிச் சந்தையில இதே கட்டத்துல சட்டை அடுக்கி வெச்சிருப்பான். ஒண்ணு வாங்கிட்டுப் போ. வயசான அம்மாவுக்கு என்ன தெரியப் போகுது?"

 ஆல்பம், ஜாக்கெட், மேசைமேல் கிடந்த சட்டை மிச்சம் எல்லாவற்றையும் அள்ளி ஒரு பைக்குள் போட்டாள். தனபால் பைக்கில் கொண்டுபோய் மீனாட்சிபுரத்தில் பஸ் ஏற்றிவிட்டான்.

பொள்ளாச்சியில் இறங்கினாள். சட்டை வாங்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கடைக்குள் போனாள். எதற்கும் இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே வாங்கினாள். நீலம் கொஞ்சம் தூக்கல். கட்டம் ஏறக்குறைய சரி. ஆனால் புதுசு பளபளவென்று கையிலேயே கூச்சல் போட்டது.

உடுமலையில் மூணாறு பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கசக்கினாள். முடிச்சுப் போட்டு அவிழ்த்தாள். பஸ் ஜன்னல் விளிம்பில் இருந்த புழுதியைத் தோள்பட்டையில் தேய்த்தாள். தேயிலைக் காட்டுச் சட்டையில் கறை இருக்குமே என்று மூளை வேலை செய்தது. மறையூரில் பஸ் நின்றபோது டீ வாங்கி, பாதியைக் குடித்துவிட்டு, மீதியைச் சட்டை முன்பக்கத்தில் ஊற்றித் தேய்த்தாள். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. ஒரு காகித வேலைக்காரி, காட்டு ரோட்டில் போகிற பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, செத்துப்போன மனிதரின் சட்டைக்கு டூப்ளிகேட் தயார் செய்கிறாள். சிரிப்பு வரவில்லை. சிரிக்கக்கூடத் தெம்பு இல்லை. ஜன்னலில் தலையைச் சாய்த்தாள். ஒவ்வொரு வளைவிலும் தலை கண்ணாடியில் போய் முட்டியது. எடுக்கத் தோன்றவில்லை. முட்டட்டும் என்று விட்டுவிட்டாள்.

சின்னக்கானலில் ஜீப்பை விட்டு இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஆனந்தி காத்துக்கொண்டு நின்றாள். ரிசார்ட் வரவேற்பில் வேலை, சீருடைச் சேலையைக்கூட மாற்றவில்லை.

"வாங்கக்கா. சீக்கிரம் நடங்க, இருட்டுனா இந்த ரோட்டுல ஆனை வந்து நிக்கும். கொண்டாந்துட்டீகளா?"

யோகப்பிரியா சட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஆனந்தி பிரித்தாள். முகம் மாறியது.

"இது அப்பாவோடது இல்லியே."

"இல்லீங்க."

"அது எங்க?"

"வெட்டிப் போட்டனுங்க."

ஆனந்தி நடையை நிறுத்தினாள்.  சரிவெல்லாம் தேயிலை, நடுவில் ஒற்றையடிப் பாதை, நடுப்பாதையில் இரண்டு பேர், ஒரு போலிச் சட்டை. யோகப்பிரியா போனை எடுத்து அந்தக் குரல் செய்தியைப் போட்டாள்.

"...அம்மாவோட சட்டையை வெட்டி..."

"கேட்டீங்களா? நீங்கதானுங்க சொன்னீங்க, சட்டைய வெட்டுன்னு."

"ஆமா, சட்டையத்தான் சொன்னேன்!" ஆனந்தி தன் ஜாக்கெட் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். "இந்தா, இது என்ன? சட்டை. பொம்பளைங்க போடுற சட்டை. அப்பாவோடதை நான் எங்க சட்டைன்னு சொன்னேன்? முழுக்கைன்னுல்ல சொல்லுவோம்!"

"இது ஜாக்கெட்டுங்க."

"உங்க ஊருல ஜாக்கெட்டு. எங்களுக்குச் சட்டை."

"எங்களுக்குச் சட்டைன்னா ஆம்பளைங்க போடறதுங்க."

"அப்ப அம்மாவோட சட்டைன்னு சொன்னேனே, எங்கம்மா என்ன ஆம்பளையா?"

"அவங்க ஆம்பளைச் சட்டை போட்டுத்தான் வேலைக்குப் போவாங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க!"

இரண்டு பேருமே நிறுத்தினார்கள். ஒரே தமிழ்தான். ஒரு வார்த்தைதான். அதற்குள் ஒருவரின் சட்டை துண்டு துண்டாகப் போய்விட்டது. ஆனந்தி பாதையோரக் கல்லில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா போனப்புறம் அது ஒண்ணுதான்க்கா மிச்சம். மத்ததெல்லாம் யார் யாருக்கோ குடுத்தாச்சு." எழுந்தாள். கையில் இருந்ததைப் பார்த்தாள். "சரி. நீங்க எதுவும் பேசாதீக. இதையே குடுப்போம். நாளை ஒரு நாள் தாண்டிட்டாப் போதும்."

லயம் என்றால் எஸ்டேட் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகள். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் இன்னொன்று. ஆனந்தியின் அம்மா சாந்தம்மாள் வாசல்படியில் உட்கார்ந்து காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வாசலில் ரோசி முறத்தை வைத்துக்கொண்டு, சாந்தம்மாளுக்கு முதுகைக் காட்டியபடி அரிசி புடைத்தாள். முறத்தில் இருந்ததைவிட அவள் முதுகில்தான் கோபம் அதிகமாக இருந்தது.

"அம்மா, இவங்க யோகப்பிரியாக்கா. பாலக்காட்டுப் பக்கம். ஒரு வேலையா வந்தாங்க." ஆனந்தி சட்டையை நீட்டினாள். "இந்தா, உன் முழுக்கை. என் பையிலதான் இருந்திருக்கு. நாந்தான் கவனிக்கல."

சாந்தம்மாள் வாங்கினாள். விரித்தாள்.  கிழவி எதையும் தடவிப் பார்க்கவில்லை. மூக்குக்கு அருகில் கொண்டுபோனாள்.

"ஏட்டி, இது எவன் முழுக்கை?"

"அப்பாவோடதும்மா."

"உங்கப்பன் பால் டீ குடிச்சு நான் பாத்ததில்ல. கடுங்காப்பிதான். இது பூராம் பால் டீ வாடை. ஏலக்கா வேற போட்டிருக்கான்."

பக்கத்து வாசலில் முறம் நின்றது.

"கொழுந்துக் கறை கறுப்பா இருக்கும், வெளுத்தாலும் போவாது. இது யாரோ குடிக்கத் தெரியாத பய மேல ஊத்திக்கிட்டது." சாந்தம்மாள் நிமிர்ந்தாள். "யாருட்டி?"

"நாந்தானுங்க" என்றாள் யோகப்பிரியா.

ஆனந்தி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். யோகப்பிரியாவுக்கு இனிப் பொய்யைத் தூக்கிக்கொண்டு ஓர் அடி எடுத்து வைக்கவும் முடியாது. அவ்வளவுதான். வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பார்சலில் இருந்து பால் டீ வரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். கொடியிலிருந்து உருவி அனுப்பியது தான்தான் என்று ஆனந்தியும் ஒப்புக்கொண்டாள்.

சாந்தம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு முதல் வேலையாக மகளிடம் திரும்பினாள்.

"போ. ரோசி கிட்டப் போயிச் சொல்லு. நேத்து நான் பேசுனது அம்புட்டும் இல்லேன்னு ஆயிருச்சுன்னு."

"நீயே வந்து சொல்லு!" என்றது பக்கத்து வாசல். "வாய் உன்னுதுதான?"

"எந்திரிக்க முடியல ரோசி. காலு வலிக்கி."

"நேத்துக் குதிச்சப்ப வலிக்கலியோ?"

சாந்தம்மாள் யோகப்பிரியாவின் பக்கம் திரும்பினாள். "எங்க, வெட்டுனதக் காட்டு."

யோகப்பிரியா ஆல்பத்தைத் திறந்து அவள் மடியில் வைத்தாள். கிழவி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். கட்டம் போட்ட பொம்மைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒன்றின் இடுப்பில் லேஸ், ஒன்றின் காலடியில் காகிதத் தேயிலைக் கொழுந்து.

"இது யாரு?"

"நீங்கதானுங்கம்மா."

"நானா? இம்புட்டு இடுப்பு எனக்குக் கல்யாணத்தன்னைக்கே கெடையாதே. தலை எங்க?"

"இந்தப் பொம்மைக்குத் தலை கெடையாதுங்க. தையல்காரங்க துணியப் போட்டுப் பாக்கறது."

"தலை போனாப் போவுது. காட்டுக்குள்ள தலைக்கு என்ன வேலை? கை எங்க?"

யோகப்பிரியா பொம்மையைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பொம்மைகள் வெட்டியிருக்கிறாள். யாரும் அதைக் கேட்டதில்லை. தையல்காரனுக்கு இடைஞ்சல் என்று கையை விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. அவளும் அப்படியே விட்டுவிட்டாள்.

"கையே இல்லியே, எத வச்சுக் கொழுந்து எடுப்பா இவ?" சாந்தம்மாள் ஆல்பத்தை மூடினாள். அவள் கண் யோகப்பிரியாவின் வலது கையில் விழுந்தது. கட்டைவிரலடி வீங்கிச் சிவந்திருந்தது. சட்டென்று அதைப் பிடித்து அழுத்தினாள். யோகப்பிரியா 'ஸ்' என்றாள்.

"நீயும் கத்தரியா?"

"ஆமாங்க."

"எனக்கும் இங்கதான். கொழுந்து கைல கிள்ளுறப்ப இந்த வலி இல்ல. கத்தரி போடச் சொன்னாங்க பாரு, அப்பப் புடிச்சது." கிண்ணத்தில் இருந்த எண்ணெயைத் தொட்டு, பேசிக்கொண்டே அந்த விரலில் தேய்க்க ஆரம்பித்தாள். "வெட்டுன மிச்சம் எங்க? தூரப் போட்டுட்டியா?"

"இல்லீங்க. எல்லாம் இருக்குது."

பையைக் கவிழ்த்தாள். காலர் விழுந்தது. பட்டன் பட்டை விழுந்தது. மேல்பை விழுந்தது. முதுகுத் துணியில் ஓரம் ஓரமாக வெட்டிய துண்டுகள் விழுந்தன. கடைசியாக, முழுசாக, மணிக்கட்டுப் பட்டன்கூடக் கழலாமல், இரண்டு கைகள் விழுந்தன.

ஆமாம். பொம்மைக்குக் கை கிடையாது. கைத்துணி தேவைப்படவேயில்லை. அவள் அதைத் தொடவேயில்லை.

சாந்தம்மாள் ஒரு கையை எடுத்து மாட்டிப் பார்த்தாள். தோள் வரைக்கும் ஏறியது.

"இருக்கே. அப்பறம் எதுக்கு அழுகை?"

"மத்தது எல்லாம் போச்சேம்மா" என்றாள் ஆனந்தி.

"மேலுக்குச் சேல இருக்கு. இடுப்புக்குப் படங்கு கட்டுறோம், பிளாஸ்டிக்கு. அந்த முழுக்கைய நான் போடுறதே கைக்குத்தான்ட்டி. செடி கிழிக்குது, பூச்சி கடிக்குது. கை மட்டுந்தான் எனக்கு வேணும். உங்கப்பன்கிட்டயே சொல்லியிருக்கேன், உன் முழுக்கையில கையத் தவிர ஒண்ணும் உருப்படி இல்லைன்னு."

"அப்பா என்ன சொன்னாரு?"

"என்னத்தச் சொல்லுவாரு? பீடிய இழுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போயிருவாரு."

ஆனந்தி கீழே கிடந்த மேல்பையை எடுத்தாள். உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அதை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.  ரோசி எழுந்து வந்து, ஒரு தட்டில் மூன்று கிளாஸ் கடுங்காப்பியை வைத்துவிட்டு, சாந்தம்மாள் முகத்தைப் பார்க்காமலே போனாள். யோகப்பிரியா அரக்கு ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள். "இது பாழாகலைங்க" என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமான ஆறுதல் என்று தெரிந்தது.

"இதத்தான வெட்டச் சொன்னா?" சாந்தம்மாள் சிரித்தாள். "பத்தாத சட்டைய நான் வச்சுக்கிட்டு என்ன செய்ய? நீயே கொண்டு போ. அந்த இடுப்புக்காரிக்கு மாட்டிவிடு. அவளுக்குச் சரியா இருக்கும்."

அன்று இரவு யோகப்பிரியா அங்கேயே, தரையில் விரித்த கம்பளியில் படுத்தாள். படுத்த இடம் தெரியாமல் தூங்கிப்போனாள்.

காலையில் முழிப்பு வந்தபோது வாசலில் பேச்சுச் சத்தம். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கூடியிருந்தார்கள். வெளியே வந்து பார்த்தாள். பனிக்குள் சாந்தம்மாள் நின்றாள். வழக்கம்போல் சேலை, இடுப்பில் படங்கு, தோளில் கத்தரி. இரண்டு கையிலும் நீலக்கட்டம். தோள்பட்டையில் நாலைந்து ஊக்கு குத்தி, தன் ஜாக்கெட்டோடு சேர்த்திருந்தாள். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கை மட்டும்.

"என்ன சாந்தா, பாதி முழுக்கை?" ரோசிதான் ஆரம்பித்தாள்.

"மீதிய நீ எடுத்துட்டுக் கைய மட்டும் விட்டு வச்சியே, அதான்."

"அடியே! உன் கையைச் சேத்தே எடுத்திருக்கணும்!"

லயமே சிரித்தது. மேலே நின்ற சூப்பர்வைசர் நேரமாச்சு என்று சத்தம் போட்டார். பெண்கள் நகர்ந்தார்கள். சாந்தம்மாள் யோகப்பிரியாவைத் திரும்பிப் பார்த்து, விரலுக்கு எண்ணெய் போடு என்பதுபோல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். ரோசியின் பின்னால் பாதையில் ஏறினாள். அவள் நடை ஒன்றும் கடைசி நாள் நடையாக இல்லை. கால் வலிக்கிறவளின் நடை, அவ்வளவுதான்.

யோகப்பிரியா பார்த்துக்கொண்டே நின்றாள். சாந்தம்மாள் குனிந்தால் ஊக்கு கழன்றுவிடுமோ என்று பார்த்தாள். முதல் வரிசையில் அவள் குனிந்தாள். நீலக்கட்டக் கைகள் செடிக்குள் போயின. ஊக்கு நின்றது.

"ஞாயித்துக்கெழமை இருந்துட்டுப் போங்களேன்க்கா" என்றாள் ஆனந்தி. குரலில் கோபம் முழுசாகப் போகவில்லை. கூப்பிட்டது மட்டும் நிஜம்.

"ஊட்டுல மாடு இருக்குதுங்க. ஆல்பம் அப்பிடியே இருக்கட்டுமா, மாத்திக் குடுக்கட்டுமா?"

ஆனந்தி யோசித்தாள். "இருக்கட்டும். அம்மாவே சிரிச்சிருச்சு, இனி எதுக்கு மாத்தணும்."

ஜீப் வந்தது. யோகப்பிரியா பின்சீட்டில், மூட்டைகளுக்கு நடுவில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். யாரோ மலையாளத்தில் டிரைவரிடம் ஆனை எங்கே நிற்கிறது என்று விசாரித்தார். டிரைவர் சொன்ன பதில் அவள் காதில் விழவில்லை. முதல் வளைவு திரும்புவதற்குள் தூங்கிவிட்டாள்.